எழுத்தளவுக்கு எந்த அலகு: பிக்சலா, எம்மா, ரெம்மா, திரை அகலமா?

வலைப்பக்கத்தில் எழுத்தின் அளவை எந்த அலகில் எழுதுவது என்ற ஒரே கேள்வி பல வடிவில் என்னிடம் வருகிறது. "பிக்சலில் போட்டால் எல்லாத் திரையிலும் ஒழுங்காகத்தான் தெரிகிறது, எதற்கு ரெம்முக்கு மாற வேண்டும்?" என்கிறார் ஒருவர். "எம் போட்டேன், பட்டியலுக்குள் பட்டியல் வந்ததும் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது" என்கிறார் இன்னொருவர். "வி.டபிள்யூ போட்டால் திரைக்குத் தகுந்தபடி தானாகவே விரிகிறதே, மற்றதெல்லாம் எதற்கு?" என்கிறார் மூன்றாமவர்.

இவையெல்லாம் சி.எஸ்.எஸ்., அதாவது வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில் உள்ள அலகுகள். பிக்சல் நிலையான அளவு. எம், சுற்றியுள்ள எழுத்தளவைப் பொறுத்தது. ரெம், பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் பொறுத்தது. வி.டபிள்யூ, திரை அகலத்தைப் பொறுத்தது. மூவருக்கும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிற எழுத்துக்கு ரெம். எழுத்தோடு சேர்ந்து வளர வேண்டிய பொத்தான், ஐகான் போன்றவற்றுக்கு எம். பெரிய தலைப்புகளுக்கு மட்டும் திரை அகலம், அதுவும் ரெம்மோடு கலந்து. கோடு, நிழல், ஓர இடைவெளிக்குப் பிக்சல். இதில் படிக்கிற எழுத்து பற்றிய முதல் வரியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றவை வேலையைப் பொறுத்து மாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

அப்பாவுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியபோது அவருடைய மடிக்கணினியில் குரோமின் அமைப்புகளுக்குள் போய், எழுத்தளவை 'மிகப் பெரியது' என்று மாற்றிக் கொடுத்தேன். குரோமில் வழக்கமான அளவு 16 பிக்சல். அந்தத் தேர்வு அதை 24 ஆக்கும். சில தளங்கள் அந்த நொடியே பெரிதாயின. அவர் தினமும் காலையில் படிக்கும் ஒரு தளம் மட்டும் அசையவில்லை. "இதுல மட்டும் ஏன் மாறலை?" என்று கேட்டார். திறந்து பார்த்தேன். எழுத்தளவு முழுக்கப் பிக்சல்.

என் முதல் அளவுகோல் அங்கிருந்து வந்தது: வாசகர் தன் பிரவுசரில் வைத்திருக்கும் அளவுக்கு இந்த அலகு காது கொடுக்கிறதா?

இரண்டாவது, ஜூம் செய்தால் வளர்கிறதா. இணைய அணுகல்தன்மை நெறிகளில் 1.4.4 என்ற விதி, எழுத்தை 200% வரை பெரிதாக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. பெரிதாக்கும்போது உள்ளடக்கமோ செயல்பாடோ தொலைந்துபோகக் கூடாது. ஜூமும் எழுத்தளவு அமைப்பும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜூம் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது, பொதுவாகத் தளத்துக்குத் தளம் தனியாகச் செய்ய வேண்டும். எழுத்தளவு அமைப்பை ஒருமுறை வைத்தால் போதும், எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும். பொருந்த வேண்டும்.

மூன்றாவது, 360 பிக்சல் கைபேசியிலிருந்து 1440 பிக்சல் மடிக்கணினி வரை அளவு இயல்பாக மாறுகிறதா. நான்காவது, ஆறு மாதம் கழித்து வேறொருவர் கோப்பைத் திறந்தால் கணக்குப் புரியுமா. கடைசியாக, தமிழ் எழுத்து அதில் நன்றாக உட்காருமா. இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

விளக்கத்துக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. 1160 பிக்சல் அகலச் சன்னலில் 40 பிக்சலாகத் தெரியும் ஒரே தலைப்பை ஐந்து விதமாக எழுதினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். எண்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு, பிக்சலில். கடைசி வரியில் உள்ள கிளாம்ப், இரண்டு எல்லைகளுக்குள் அளவை நிறுத்தும் செயல்கூறு, அதைப் பின்னால் விளக்குகிறேன்.

| எழுதிய விதம் | வழக்கமாக | பிரவுசர் எழுத்தளவு 24 ஆனால் | 200% ஜூமில் |
|---|---|---|---|
| 40 பிக்சல் | 40 | 40 | 80 |
| 2.5 எம் (ஒரே அடுக்கில்) | 40 | 60 | 80 |
| 2.5 ரெம் | 40 | 60 | 80 |
| 3.45 வி.டபிள்யூ | 40 | 40 | 40 |
| கிளாம்ப்: 1.5 ரெம், 1.05 ரெம் + 2 வி.டபிள்யூ, 2.5 ரெம் | 40 | 48.4 | 56.8 |

நான்காவது வரியில் மூன்று கட்டங்களிலும் ஒரே எண் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கேள்விக்காரருக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

## பிக்சல்

சி.எஸ்.எஸ்.ஸின் பிக்சல் திரையில் உள்ள ஒளிப்புள்ளி அல்ல. ஓர் அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கு என்று வரையறுக்கப்பட்ட அலகு அது. 1080 புள்ளி அகலமுள்ள கைபேசி தன்னை 360 பிக்சல் என்று சொல்லிக்கொள்வது அதனால்தான். ஆகவே 'பிக்சலில் போட்டால் உயர்தரத் திரையில் எழுத்து பொடியாகிவிடும்' என்ற பயம் வேண்டாம். அது நடக்காது.

பிக்சலின் பலம், எழுதியது அப்படியே கிடைக்கும் என்பது. ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில் 18 என்று இருந்தால் இங்கேயும் 18. பலவீனம் முதல் அளவுகோலில். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 காலத்தில் பிக்சல் எழுத்தைப் பெரிதாக்கவே முடியாது. எம்மும் சதவீதமும் அப்போது பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிறகு பிரவுசர்கள் முழுப் பக்கத்தையும் ஜூம் செய்யத் தொடங்கியதும் 'பிரச்சினை தீர்ந்தது' என்று பலர் பிக்சலுக்கே திரும்பினார்கள். பாதிதான் தீர்ந்தது. அப்பாவின் 24-ஐப் பிக்சல் இன்றும் கண்டுகொள்வதில்லை.

மறைமுகச் செலவும் உண்டு. கைபேசிக்கு ஒன்று, டேப்லெட்டுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று ஒவ்வொரு பிரேக்பாயின்டிலும் (அமைப்பு மாறும் திரை அகலம்) ஒவ்வொரு எழுத்தளவையும் திரும்ப எழுத வேண்டும். பத்து அளவு இருந்தால் முப்பது வரி.

ஆனால் பிக்சலை அடியோடு ஒதுக்கச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 1 பிக்சல் கோடு, நிழல், மூலை வளைவு ஆகியவற்றுக்கு அதுவே சரி. பக்கவாட்டு இடைவெளிக்கும் பல சமயம் அதுவே நல்லது. ஒரு கார்டின் (உள்ளடக்கப் பெட்டியின்) இருபுறமும் 1.5 ரெம் இடைவெளி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தளவு 24 ஆனதும் ஒவ்வொரு பக்கமும் 36 பிக்சல் ஆகிறது. 360 பிக்சல் அகலத்தில் மிச்சம் 288. அந்தக் கார்டுக்குள் இன்னொரு கார்டும் அதே இடைவெளியோடு இருந்தால் 216. எழுத்து பெரிதாக வேண்டும் என்று கேட்டவருக்கு எழுத்துக்கான இடத்தையே குறைத்துவிட்டோம்.

## எம்மும் சதவீதமும்

எழுத்தளவைப் பொறுத்தவரை 1.25 எம்மும் 125 சதவீதமும் ஒன்றுதான். இரண்டும் தாய் உறுப்பின், அதாவது தன்னை உள்ளே வைத்திருக்கும் உறுப்பின், எழுத்தளவைப் பார்த்துக் கணக்கிடும். ஆனால் பேடிங் (உள் இடைவெளி), மார்ஜின் (வெளி இடைவெளி), அகலம் ஆகியவற்றில் எம் என்பது *அந்த உறுப்பின் சொந்த* எழுத்தளவு. இந்த இரட்டைக் குணம் புரியாததால்தான் எம் மேல் இவ்வளவு புகார்.

சிக்கல் அடுக்கில் வருகிறது. ஒரு விவாதப் பகுதியில் பதிலுக்குப் பதில் உள்ளே போகப் போக 0.9 எம் என்று வைத்தால் 16, 14.4, 12.96, 11.66 என்று இறங்கிக்கொண்டே போகும். எறும்பு எழுத்து என்று சொன்னவருக்கு நடந்தது இதுதான். வழக்கமான ஒட்டு, உள்ளே இருக்கும் பட்டியலுக்கு 1 எம் என்று இன்னொரு விதி எழுதுவது. அது வேலை செய்யும். ஆனால் கோப்பு முழுக்க ஒட்டாகிவிடும்.

இன்னொரு கண்ணி. எழுத்துரு இடத்தில் மோனோஸ்பேஸ் (எல்லா எழுத்தும் ஒரே அகலம்) என்ற பொதுப்பெயரை மட்டும் போட்டால் பிரவுசர்கள் அடிப்படையை 16-க்குப் பதில் 13 என்று எடுத்துக்கொள்கின்றன. நிரல் (கோட்) பகுதி மட்டும் சிறுத்துத் தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

அப்படியானால் எம் எங்கே நல்லது? எழுத்தின் கூடவே போக வேண்டிய இடங்களில். பொத்தானின் பேடிங்கை 0.6 எம், 1.2 எம் என்று எழுதிவிட்டால், பெரிய பொத்தானுக்கு எழுத்தளவு ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், உருவம் கெடாமல் முழுதும் வளரும். சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் ஐகானுக்கு 1 எம். எழுத்திடைவெளிக்கும் எம்தான்.

மீடியா குவரியிலும், அதாவது திரை அகலத்துக்கு ஏற்ப அமைப்பை மாற்றும் நிபந்தனையிலும், நான் எம் போடுகிறேன். அங்கே அது பக்கத்தின் எழுத்தளவைப் பார்ப்பதில்லை, வாசகர் பிரவுசரில் வைத்த அளவைப் பார்க்கிறது. 48 எம் என்பது 16-ல் 768 பிக்சல், 24-ல் 1152 பிக்சல். எழுத்தைப் பெரிதாக்கியவருக்கு 1000 பிக்சல் சன்னலில் மூன்று பத்தி (நெடுவரிசை) அமைப்பு வராமல் ஒற்றைப் பத்தியே கிடைக்கும். அவருக்கு வேண்டியதும் அதுதான். பிக்சலில் 768 என்று எழுதியிருந்தால், பெரிய எழுத்தும் மூன்று ஒடுங்கிய பத்தியுமாக, வரிக்கு இரண்டு சொல் வந்து நிற்கும்.

## ரெம்

எம்மின் அடுக்குத் தொல்லையைத் தீர்க்க வந்தது ரெம். எத்தனை அடுக்கு உள்ளே போனாலும் பக்கம் முழுவதையும் உள்ளடக்கிய எச்.டி.எம்.எல். என்ற வேர் உறுப்பின் அளவு ஒன்றைத்தான் பார்க்கும். பழைய பிரவுசர் தடையும் இன்று இல்லை, இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலேயே 2011-ல் வந்த 9-ஆம் பதிப்பு இதை ஏற்றது. பூட்ஸ்டிராப் என்ற சி.எஸ்.எஸ். தொகுப்பு தன் 4-ஆம் பதிப்பில் பிக்சலிலிருந்து ரெம்முக்கு மாறியது. டெயில்வின்ட் என்ற இன்னொரு தொகுப்பின் எழுத்தளவுகளும் ரெம்தான்.

முதல் நான்கு அளவுகோல்களில் மூன்றாவதைத் தவிர மற்றவற்றில் ரெம் தேறிவிடுகிறது. திரைக்குத் தகுந்தபடி தானாக மாறாது. ஆனால் வேரின் அளவை ஒரு பிரேக்பாயின்டில் 112.5 சதவீதம் ஆக்கினால் பக்கம் முழுவதும் 16-லிருந்து 18 ஆகிவிடும். பிக்சலின் முப்பது வரிக்குப் பதில், பத்து அளவுக்குப் பத்து வரி, பிரேக்பாயின்டுகளுக்கு இரண்டே வரி.

இதிலும் மூன்று பள்ளங்கள் உண்டு.

முதலாவது ரெம்மின் பயனையே அழித்துவிடுவது. எச்.டி.எம்.எல். உறுப்புக்கு 16 பிக்சல் என்று எழுதிவிட்டு, கீழே எல்லாவற்றையும் ரெம்மில் எழுதுவது. பார்க்க ஒழுங்காக இருக்கும். வாசகரின் 24 அந்த முதல் வரியிலேயே தடுக்கப்பட்டுவிடும். ஒன்று 100 சதவீதம் என்று எழுதுங்கள், இல்லை எதுவும் எழுதாதீர்கள்.

இரண்டாவது 62.5 சதவீத உத்தி. 16-ல் 62.5 சதவீதம் 10. ஆகவே 1.6 ரெம் என்றால் 16 பிக்சல், 2.4 ரெம் என்றால் 24, கணக்கு எளிது. வாசகரின் அமைப்புக்கும் இது கட்டுப்படும், அந்த வகையில் தவறில்லை. ஆனால் 1 ரெம் என்றால் 16 என்று நம்பி எழுதப்பட்ட வெளித் தொகுப்பு ஒன்றை நாளை கொண்டுவந்து சேர்த்தால் அதன் எழுத்து 10 பிக்சலில் தெரியும். எல்லாவற்றையும் நீங்களே எழுதும் தளமாக இருந்தால் மட்டும் இந்த உத்தி. இல்லையென்றால் 16-ஆல் வகுக்கப் பழகிக்கொள்வது நல்லது: 14 என்றால் 0.875, 18 என்றால் 1.125, 20 என்றால் 1.25. ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

மூன்றாவது, பிறர் தளத்தில் பதிக்கப்போகும் விட்ஜெட், அதாவது சிறு பகுதி. அங்கே வேர் உங்களுடையது அல்ல. அந்தத் தளம் 62.5 சதவீதம் வைத்திருந்தால் உங்கள் 1 ரெம் 10 பிக்சல்தான். இந்த வேலைக்கு எம்தான் பொருத்தம். வெளி உறையில் ஓர் அளவு, உள்ளே எல்லாம் அதன் எம்.

## திரை அகலம்

1 வி.டபிள்யூ என்பது வியூபோர்ட் (சன்னலில் பக்கம் தெரியும் பரப்பு) அகலத்தில் நூறில் ஒரு பங்கு. 360-ல் 3.6 பிக்சல், 1440-ல் 14.4. உடல் எழுத்துக்கு, அதாவது படிக்கிற எழுத்துக்கு, 4 வி.டபிள்யூ வைத்தால் கைபேசியில் 14.4, மடிக்கணினியில் 57.6. இதை யாரும் படிக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஜூமில். 200% ஜூம் செய்யும்போது பிரவுசர் தன் வியூபோர்ட்டைப் பாதியாகக் கணக்கிடுகிறது, 1160 என்பது 580 ஆகிறது. வி.டபிள்யூ அதோடு பாதியாகிறது, பிறகு இருமடங்காகக் காட்டப்படுகிறது. மொத்தத்தில் அசைவே இல்லை. ஜூமும் வேலை செய்யாது, எழுத்தளவு அமைப்பும் வேலை செய்யாது. பிக்சலிலாவது ஒரு வழி திறந்திருந்தது. இங்கே இரண்டும் மூடியாயிற்று. படிக்கிற எழுத்துக்குத் தனி வி.டபிள்யூ போடக் கூடாது என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வது இதனால்.

பொருந்தும் இடம் ஒன்றுதான்: யாரும் ஜூம் செய்யப்போகாத திரை. அரங்கத்தில் ஓடும் அறிவிப்புப் பலகை, மேடைப் புரொஜக்டர் மாதிரி.

## கிளாம்ப்: கலவை வழி

கிளாம்ப் என்பது அலகு அல்ல, குறைந்தபட்சம், விருப்ப அளவு, அதிகபட்சம் என்று மூன்று மதிப்புகளை வாங்கிக்கொள்ளும் செயல்கூறு. 2020 வாக்கில் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. நடு மதிப்பில் ரெம்மையும் வி.டபிள்யூவையும் கூட்டிப் போடுவதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது.

அட்டவணையில் உள்ள எடுத்துக்காட்டு எப்படி வந்தது? 360 அகலத்தில் தலைப்பு 24 பிக்சல், 1160 அகலத்தில் 40 வேண்டும். அகலம் 800 கூடும்போது எழுத்து 16 கூடுகிறது, ஆகவே சரிவு நூற்றுக்கு 2, அதாவது 2 வி.டபிள்யூ. 360-ல் அது 7.2 பிக்சலைத் தரும். 24-க்கு மீதி 16.8, அதாவது 1.05 ரெம். இரண்டு முனைகளுக்கு நடுவே, 760-ல், 32 பிக்சல் வரும். பிரேக்பாயின்டே இல்லாமல் அளவு சீராக ஏறுகிறது.

மறைமுகச் செலவு அட்டவணையின் கடைசிக் கட்டத்தில். 200% ஜூமில் 80 வர வேண்டிய இடத்தில் 56.8தான் வந்தது. 300%-ல் சுமார் 73.6. 400%-ல்தான் 96 ஆகி இருமடங்கைத் தாண்டுகிறது. ஏற்கனவே பெரிதாக இருக்கும் தலைப்புக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. உடல் எழுத்துக்கு இதே சரிவை வைத்தால் வாசகர் ஜூம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கிளாம்ப்பைத் தலைப்போடு நிறுத்துகிறேன். குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடையே இருமடங்குக்கு மேல் விடுவதில்லை. இரண்டு எல்லைகளையும் ரெம்மிலேயே எழுதுங்கள், பிக்சலில் எழுதினால் 24-ல் இருப்பவருக்கு மறுபடியும் கதவை மூடியதாகிவிடும்.

கன்டெய்னர் அலகுகள், முக்கியமாக சி.கியூ.ஐ., 2022-ன் பிற்பகுதியிலும் 2023 தொடக்கத்திலும் எல்லா முக்கிய பிரவுசர்களுக்கும் வந்தன. திரையை விட்டு, உறுப்பு அமர்ந்திருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்ப்பவை. ஒரே கார்டு நடுப்பத்தியிலும் ஓரப்பத்தியிலும் வருகிற தளத்துக்கு மிகப் பயன். விதி அதேதான்: தனியாக வேண்டாம், கிளாம்ப்புக்குள் ரெம்மோடு சேர்த்து.

## தமிழ் எழுத்து என்றால்

எழுத்தளவு பற்றிய ஆலோசனைகளில் பெரும்பாலானவை லத்தீன் எழுத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழில் மூன்று இடங்களில் இடிக்கும்.

வரி நீளத்துக்கு சி.எச். என்ற அலகைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது எழுத்துருவில் உள்ள 0 என்ற எண்ணின் அகலம். ஆங்கிலத்துக்கு 65 சி.எச். என்றால் ஏறக்குறைய சரியான வரி. தமிழில் ண, ஞ, ணை எல்லாம் 0-வை விட நன்றாக அகலம், ஆகவே அதே 65-க்குள் மிகக் குறைந்த எழுத்துகளே அடங்கும். வரி சட்டென்று முடிந்துபோகும். நான் பத்தி அகலத்தை 36 முதல் 40 ரெம்முக்குள் வைத்து, உண்மையான தமிழ்ப் பத்தி ஒன்றைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்கிறேன்.

இரண்டாவது, நம் சொற்களின் நீளம். 'பொறுப்பேற்றுக்கொண்டவர்களுக்கு' என்ற ஒரே சொல் தலைப்பில் வந்தால் 40 பிக்சலில் 360 அகலத் திரைக்குள் அடங்காது. கிளாம்ப்பின் குறைந்தபட்சத்தை இப்படிப்பட்ட சொல்லை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எழுத்தளவு 24 ஆனாலும் அடங்குகிறதா என்றும் பாருங்கள். 1.5 ரெம் அங்கே 36 பிக்சல்.

மூன்றாவது வரி உயரம். மேலே கீ, தீ ஆகியவற்றின் சுழி, கீழே ழு, கூ ஆகியவற்றின் கால். லத்தீனுக்கு 1.5 போதும் என்ற இடத்தில் தமிழுக்கு நான் 1.7 வைக்கிறேன். அதை அலகில்லாத எண்ணாக எழுதுவது கட்டாயம். பாடி என்ற, பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் கொண்ட உறுப்புக்கு 1.7 எம் என்று எழுதினால் அது 27.2 பிக்சல் என்று கணக்காகி, அப்படியே தலைப்புக்கும் இறங்கும். 40 பிக்சல் தலைப்பு இரண்டு வரிக்கு மடங்கும்போது மேல்வரி ழு-வின் கால் கீழ்வரி கீ-யின் சுழி மேல் ஏறி உட்காரும். ஆங்கிலத் தலைப்பில் இது சற்று நெருக்கமாகத் தெரியும், தமிழில் எழுத்தே புரியாமல் போகும்.

## எந்த வேலைக்கு எது

செய்தி, கட்டுரை, பாடப்பக்கம்: உடல் எழுத்து 1.125 ரெம், தலைப்புக்குக் கிளாம்ப், மீடியா குவரிக்கு எம். யோசிக்கவே வேண்டாம்.

அரசுத் தளங்கள்: அ-, அ, அ+ என்று மேலே மூன்று பொத்தான் வைப்பது இந்தியாவில் வழக்கம். அந்தப் பொத்தான் வேரின் அளவை மாற்றுகிறது என்றால், கீழே எல்லாம் ரெம்மிலோ எம்மிலோ இருந்தால்தான் அதற்கு அர்த்தம். பொத்தானை அழுத்தியதும் மெனு மட்டும் பெரிதாகி அறிவிப்பு அப்படியே நிற்கும் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறிவிப்பைப் படிக்கத்தான் அவர் அழுத்தினார்.

எண்களும் கட்டங்களும் நிறைந்த டாஷ்போர்டு: இங்கே பிக்சல் கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது, கட்டம் பிதுங்கினால் அட்டவணை உடையும். ஆனாலும் எழுத்தை ரெம்மிலும் கட்ட இடைவெளியைப் பிக்சலிலும் வைத்து, அட்டவணையைப் பக்கவாட்டில் நகர்த்தும்படி விட்டால் இருவருக்கும் வேலை நடக்கும்.

பதிக்கும் விட்ஜெட்: எம். பொத்தான் தொகுப்பு: எழுத்து ரெம், உள்ளே எம்.

## பழைய தளம் ஏற்கனவே பிக்சலில் இருந்தால்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் எச்.டி.எம்.எல். உறுப்பில் பிக்சல் அளவு இருந்தால் அதை நீக்குங்கள். அப்புறம் கட்டுரைப் பத்தி, தலைப்புகள், மெனு என்ற வரிசையில் எழுத்தளவை மட்டும் 16-ஆல் வகுத்து ரெம்மாக்குங்கள். இடைவெளிகளைத் தொடாதீர்கள். இவ்வளவில் வழக்கமான வாசகருக்கு ஒரு பிக்சல்கூட மாறியிருக்காது, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே உறுதி செய்யலாம். உயரத்தைப் பிக்சலில் பூட்டிய பெட்டிகள்தான் அடுத்து தொல்லை தரும். எழுத்து வளர்ந்ததும் கீழ்வரி வெட்டுப்படும். அங்கெல்லாம் உயரத்துக்குப் பதில் குறைந்தபட்ச உயரம் என்று மாற்றுங்கள். மீடியா குவரிகளைக் கடைசியில் எம்முக்குக் கொண்டுபோனால் போதும்.

படிவங்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை. உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோனின் சஃபாரி அதைத் தொட்டவுடன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும். 0.875 ரெம் என்று போட்டுவிட்டு 'பக்கம் ஏன் குதிக்கிறது' என்று தேடுபவர்கள் உண்டு. 16 பிக்சல், 1 ரெம் இரண்டில் பெரியது எதுவோ அது என்று மேக்ஸ் செயல்கூறால் எழுதிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் குரோமில் எழுத்தளவை 'மிகப் பெரியது' ஆக்கி, சன்னலை 360 பிக்சலுக்குக் குறுக்கி, முகப்பிலிருந்து ஒரு படிவத்தை அனுப்பி முடிப்பது வரை நீங்களே ஒருமுறை போய்வாருங்கள். பிறகு அமைப்பைப் பழையபடி வைத்து, 200% ஜூமில் அதே பாதையில் இன்னொரு முறை.